தெரியாத நோய்க்குத் தெரிந்த மருந்து

நோய் இன்னதென்று முடிவாகும் முன்பே தொடங்கிவிடும் ஸ்டீராய்டு மாத்திரை உடனடி நிவாரணம் தருகிறது. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்களையும் அதுவே கலைத்துவிடுகிறது. மாத்திரையை விடவும் முடியாமல், தொடரவும் பிடிக்காமல் தவிப்பவர்களின் நிலை.

அந்தத் துணிப்பையில் எல்லாம் இருக்கிறது. எக்ஸ்ரே படங்கள், சி.டி. ஸ்கேன்கள், ஓரங்கள் கிழிந்துபோன ரத்தப் பரிசோதனை முடிவுகள், நான்கு டாக்டர்களின் நான்கு விதமான கையெழுத்து. இல்லாதது ஒன்றுதான்: நோயின் பெயர்.

போபால், நாக்பூர், கான்பூர் என்று எந்த ஊரானாலும் சரி, பெரிய மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு வெளியே உள்ள பெஞ்சில் இப்படிப்பட்ட பையோடு ஒருவராவது உட்கார்ந்திருப்பார். நாற்பது வயதை ஒட்டிய ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்ளலாம். பல மாதங்களாக வறட்டு இருமல், மாலையானால் லேசான காய்ச்சல், குறைந்துகொண்டே போகும் எடை. எக்ஸ்ரேயில் நுரையீரலை ஒட்டிய நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருப்பது தெரிகிறது. உள்ளூர் டாக்டர் காசநோய் மருந்தைத் தொடங்குகிறார். இரண்டு மாதமாகியும் முன்னேற்றம் இல்லை. அடுத்த டாக்டர், 'சார்காய்டோசிஸாக இருக்கலாம்' என்று எழுதி, அதன் அருகில் ஒரு கேள்விக்குறியும் போட்டு, தினமும் 40 மி.கி. பிரெட்னிசோலோன் தருகிறார். சில நாட்களிலேயே காய்ச்சல் பறந்துவிடுகிறது. பசி எடுக்கிறது. வீட்டில் சாமிக்குத் தேங்காய் உடைக்கிறார்கள்.

ஆனால் அளவைக் குறைக்கத் தொடங்கியதும் இருமல் திரும்புகிறது. மறுபடி அளவு கூடுகிறது. ஒரு வருடம் கழிகிறது. முகம் வட்டமாக உப்பிவிட்டது. கேள்விக்குறி மட்டும் அப்படியே இருக்கிறது.

அற்புதத்தின் மறுபக்கம்

இந்த மருந்தின் கதையே ஓர் அற்புதத்தில்தான் தொடங்கியது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் கார்டிசோன் ஊசி போட்டார். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெண் நடந்து கடைக்குப் போய்வந்தார். 1950லேயே ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டேடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மறுபக்கம் தெரியவும் அதிக நாளாகவில்லை. ஊசியை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்தால் முகம் வீங்கியது, மனம் குழம்பியது. ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குமே தவிர அதன் காரணத்தை அகற்றுவதில்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது.

நோய் எது என்று தெரியாதபோது சிக்கல் எழுவதும் இங்கேதான். சார்காய்டோசிஸ், லூபஸ், ரத்தக்குழாய் அழற்சி, சில வகை நிணநீர்ப் புற்று என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல நோய்கள் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும். காசநோயின் காய்ச்சல்கூடச் சில நாள் தணியும். எனவே மருந்து கேட்டது என்பதாலேயே நோய் இன்னதுதான் என்று ஆகிவிடாது. 'மாத்திரை வேலை செய்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு பயாப்ஸி?' என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பு. ஆனால் அந்தக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது.

நிணநீர்ப் புற்று இதற்குச் சரியான உதாரணம். ஸ்டீராய்டு பட்டதும் கட்டி சுருங்குகிறது, புற்றுச் செல்கள் மடிகின்றன. அதன் பிறகு சதை எடுத்துப் பார்த்தால் எதுவும் உறுதியாகத் தெரிவதில்லை. சில மாதங்களில் கட்டி மீண்டும் தலைகாட்டும். அதற்குள் பொன்னான காலம் போயிருக்கும். அதனால்தான், நோயாளியின் நிலைமை இடம் கொடுத்தால் முதலில் பயாப்ஸி, பிறகு ஸ்டீராய்டு என்பதை டாக்டர்கள் விதியாகச் சொல்கிறார்கள். விதிவிலக்கும் உண்டு. நெற்றிப்பொட்டின் ரத்தக்குழாய் வீங்கிப் பார்வை பறிபோகும் நிலையிலோ, லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போதோ காத்திருக்க முடியாது. அங்கே மருந்து முதலில், சோதனை உடனடியாக அடுத்து.

இரட்டைப் பிறவிகள்

இந்தியாவில் இந்தக் குழப்பம் கூடுதல். உலகின் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இங்கே இருக்கிறார்கள். காசநோயும் சார்காய்டோசிஸும் எக்ஸ்ரேயில் இரட்டைப் பிறவிகள் போலத் தோன்றும். இரண்டிலும் நோய் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாகத் திரண்டு 'கிரானுலோமா' எனப்படும் நுண்ணிய முடிச்சுகளாகின்றன. காசநோய் முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல நைந்துபோயிருக்கும். சார்காய்டோசிஸில் பெரும்பாலும் அப்படி இருக்காது. பாடப் புத்தகத்தில் தெளிவாக இருக்கும் இந்த வேறுபாடு, ஊசி முனையில் கிடைக்கும் துளியூண்டு சதையில் பல நேரம் தென்படுவதில்லை.

சார்காய்டோசிஸை உறுதி செய்யத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றவை இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். கழிப்பதற்கு இன்று நல்ல கருவிகள் உள்ளன. மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாயின் நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்தி, அது காட்டும் இடத்தில் ஊசி செலுத்திக் கட்டியிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். 2010ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை, காசநோய்க் கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்தில் தேடிச் சொல்கிறது. கையில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய மான்டோ சோதனைக்கும் மதிப்புண்டு. சார்காய்டோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது தடிப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு மருந்தின் காரணமாகவே தடிக்காமல் போகலாம். இங்கும் தடயம் கலைகிறது.

தவறான திசையில் போனால் விலை அதிகம். காசநோயைச் சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால், எதிர்ப்பு சக்தி அடங்கிக் கிருமி பரவும். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தாலும் கணக்கு எளிதல்ல. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், பிரெட்னிசோலோனை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். சாப்பிட்ட அளவு ஒன்று, வேலை செய்யும் அளவு இன்னொன்று. எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்று சொல்வதே கடினமாகிவிடுகிறது.

தூங்கிப்போகும் சுரப்பி

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் சுரக்கின்றன. ஏறத்தாழ 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமமான அளவு அது. வெளியிலிருந்து அதைவிட அதிகமாக வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், சுரப்பிகள் தம் வேலையை நிறுத்திவிடுகின்றன. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென மாத்திரையை நிறுத்தினால், மருந்தும் இல்லை, சொந்தச் சுரப்பும் இல்லை என்ற நிலை வரலாம். கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று அது உயிருக்கே உலை வைக்கும். தூங்கிய சுரப்பி விழிக்கப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். உறவினர் ஒருவர், 'அந்த விஷத்தைத் தூக்கிப் போடு, நாட்டு மருந்துக்கு வா' என்று அழைக்கும்போது இந்த ஆபத்து யார் நினைவிலும் இருப்பதில்லை. மூட்டு வலிக்கு 'மூலிகை' என்று விற்கப்படும் சில பொடிகளிலும் மாத்திரைகளிலும் ரகசியமாகக் கலந்திருப்பது ஸ்டீராய்டுதான் என்பது வேறு கதை.

சர்க்கரையும் ஏமாற்றும். காலையில் சாப்பிடும் மாத்திரை பகல் உணவுக்குப் பிறகுதான் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். வெறும் வயிற்றில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி 10 கோடிக்கும் அதிகமான நீரிழிவு நோயாளிகள் உள்ள நாட்டில் இது சின்ன விஷயமல்ல. எலும்புத் தேய்மானம் முதல் ஆறு மாதங்களில்தான் மிக வேகம். இடுப்பு எலும்பின் பந்துமுனைக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போவதும் உண்டு. தொடை இடுக்கில் வலி என்றால் அலட்சியம் கூடாது. கண்புரையும் கண் அழுத்தமும் சத்தமில்லாமல் வரும்.

ரத்தப் பரிசோதனையில் தெரியாத பாதிப்புகளும் உண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்கு விழிப்பு. காரணமில்லாத கோபம், காரணமில்லாத அழுகை. பிள்ளைகளை அடித்துவிட்டுப் பிறகு வருந்தும் தாய்க்கு, அது மருந்தின் வேலையாகவும் இருக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள், 'சதை போட்டு இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறாய்' என்கிறார்கள். நோய் முற்றியபோது கிடைக்காத பாராட்டு அது. கண்ணாடியைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டவருக்கு அது எப்படி வலிக்கும் என்பது சொன்னவர்களுக்குத் தெரியாது. அளவு குறையக் குறைய முகம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதை டாக்டர் ஒரு வார்த்தை சொன்னாலே பாதி பாரம் இறங்கும்.

சீட்டு இல்லாத சிகிச்சை

சட்டப்படி இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் பட்டியல் மருந்து. ஆனால் பழைய சீட்டையோ காலி அட்டையையோ காட்டினால் புதிய அட்டையை எடுத்துத் தரும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. விலையும் மலிவு. அலட்சியத்தின் விளைவை நாடு 2021ல் கண்கூடாகப் பார்த்தது. அதற்கு முந்தைய வருடம் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளின் உயிரை டெக்சாமெத்தசோன் காப்பாற்றும் என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இரண்டாவது பாதியை மறந்து வீட்டிலேயே ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் ஏராளம். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் கைகோத்ததில் கருப்புப் பூஞ்சை பரவி, 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

குறைத்தாலும் போதும்

நல்ல செய்திகளும் இருக்கின்றன. சார்காய்டோசிஸ் என்று உறுதியான அனைவருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. பலருக்கு இரண்டு மூன்று வருடங்களில் அது தானாகவே தணிந்துவிடும். தேவைப்படுவோருக்கும் அளவு குறைவாகப் போதலாம். சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சிக் கழக டாக்டர்கள் 86 நோயாளிகளிடம் 40 மி.கி.யில் தொடங்குவதையும் 20 மி.கி.யில் தொடங்குவதையும் ஒப்பிட்டார்கள். அதிக அளவினால் கூடுதல் நன்மை இல்லை என்று 2023ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2025ல் வெளியான மற்றொரு ஆய்வில், நுரையீரல் சார்காய்டோசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் முதல் மருந்தாகவே ஸ்டீராய்டுக்கு ஈடுகொடுத்தது. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினசரி மாத்திரை என்று தவறாக எண்ணிச் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான்: முதலில் நோயின் பெயர் வேண்டும். பெயர் தெரிந்தால்தான் எவ்வளவு, எத்தனை நாள், அடுத்து என்ன என்று கணக்குப் போட முடியும். பெயர் தெரியாதவரை இருமல் கூடும்போது அளவு கூடும், குறையும்போது குறையும்; அது வெறும் துரத்தல்.

அந்த ஆசிரியைக்கு இப்போதும் வழி அடைந்துவிடவில்லை. முதல் பயாப்ஸியின் கண்ணாடி ஸ்லைடுகளும், சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும். கேட்டு வாங்கி வேறொரு நிபுணரிடம் காட்டலாம். ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் எடுத்த சதை அது; கலையாத தடயம் அதில்தான் இருக்கிறது. டாக்டரின் மேற்பார்வையில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கட்டி மறுபடி வீங்கினால் அப்போது புதிதாகச் சதை எடுக்கலாம். துணிப்பையில் உள்ளதை எல்லாம் ஒரே பக்கத்தில் தேதிவாரியாக எழுதலாம்: எப்போது காய்ச்சல், எப்போது எந்த மருந்து, எத்தனை மி.கி., எந்த அளவில் இருமல் திரும்பியது. ஐந்தாவது டாக்டருக்குப் பையை விட அந்த ஒரு பக்கம்தான் அதிகம் பேசும்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்குக் கேள்விக்குறி அழிவதில்லை என்பதும் உண்மை. ஆனால் கேள்விக்குறியோடு மாத்திரை சாப்பிடுவது வேறு. கேள்வி இருப்பதையே மறந்துவிட்டுச் சாப்பிடுவது வேறு.

ஸ்டீராய்டு சாப்பிடுவோர் கவனிக்க

* நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊருக்குப் போகும்போது கூடுதலாக ஒரு வார மாத்திரை கையில் இருக்கட்டும்.

* காலை உணவுக்குப் பின் சாப்பிட்டால் தூக்கம் கெடுவது குறையும்.

* காய்ச்சல், அறுவை சிகிச்சை, பல் பிடுங்குதல் என்றால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரை தங்காமல் வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

* ஸ்டீராய்டு சாப்பிடுவதாக எழுதிய அட்டை ஒன்று எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

* பகல் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை பாருங்கள். ரத்த அழுத்தம், கண், எலும்பு அடர்த்தி ஆகியவற்றையும் சோதியுங்கள். கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள்.

* ஊறுகாய், அப்பளம், உப்புக் காரத் தீனிகளைக் குறையுங்கள். தினமும் நடங்கள்.

* தடுப்பூசி போடும் முன் ஸ்டீராய்டு சாப்பிடுவதைச் சொல்லுங்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் ஆகாது.

* ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் இந்த மூன்றைக் கேளுங்கள்: என் நோய் உறுதியாகிவிட்டதா? உறுதியாக அடுத்த சோதனை எது? மாத்திரையை எப்போது, எப்படிக் குறைப்பது?