58 வயதில் வைத்த இலக்கு

1976-இல் மதுரையில் அரசு கண் மருத்துவர் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ விருது ஏற்கெனவே வந்திருந்தது. மாணவர்களிடமும் நோயாளிகளிடமும் நல்ல பெயர். ஆனால், டாக்டர் கோ. வெங்கடசாமி அதே ஆண்டு அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளைப் போட்டு, அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிவிட்டார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பே இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த இலக்கு. வங்கிகள் கடன் தரவில்லை. வீடு அடமானத்துக்குப் போனது. குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின.

வடமலாபுரத்து விவசாயக் குடும்பத்தில் 1918-இல் பிறந்தவர் அவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது முடக்குவாதம் தாக்கி, நெடுநாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் நிரந்தரமாகக் கோணிக்கொண்டன. பேறுகால மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டு, கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்து முடித்தார்.

இன்று தொழில் இலக்கு என்றாலே முப்பது வயதில் மேலாளர், நாற்பதில் இன்ன சம்பளம் என்றுதான் இளைஞர்கள் எழுதி வைக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், அப்படிப்பட்ட இலக்குகள் கூடுதலாக உழைத்தாலே எட்டிவிடக் கூடியவை. வேலை செய்யும் முறையை மாற்றச் சொல்லி அவை நெருக்குவதில்லை. வெங்கடசாமியின் இலக்கு நெருக்கியது. ஒரு லட்சம் என்பது ஒரு மனிதருக்கு மலைக்க வைக்கும் எண்ணிக்கைதான்; கண்புரையால் பார்வை இழந்து வீட்டுத் திண்ணையில் முடங்கிக் கிடந்த இந்தியர்களின் தொகைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைத்துத் தீர்க்கும் கணக்கல்ல அது.

அதனால் அறுவை அரங்கையே அவர் மாற்றி அமைத்தார். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முதல் கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்றில்லாத வேலைகள் அத்தனையும், பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களின் கைக்குப் போயின. என் பார்வையில், அரவிந்தின் முதுகெலும்பே அந்தப் பெண்கள்தான். மெக்டொனால்ட்ஸ் எந்த ஊரிலும் ஒரே தரத்தில், ஒரே வேகத்தில் உணவு தருவதை அமெரிக்காவில் கவனித்த வெங்கடசாமி, கண் சிகிச்சையை ஏன் அப்படித் தர முடியாது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அரவிந்தில் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவை சிகிச்சைகளைத் தாண்டும் நிலை வந்தது.

இலவசம் என்று அறிவித்தும் ஏழைகள் பலர் வரவில்லை. பஸ் காசு, தங்கும் நாட்களுக்குச் சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம் எல்லாம் சேர்ந்து தடுத்தன. கிராமங்களில் நடத்திய கண் முகாம்களில் தேர்வானவர்களைக் கூட்டமாக வண்டியில் ஏற்றி வந்து, சோறு போட்டு, சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு அதன் பிறகு வந்ததுதான். பணம் கட்டுபவர்களின் கட்டணமே கட்ட முடியாதவர்களின் செலவையும் தாங்கியது. ஏழைதானா என்று யாரையும் விசாரிப்பதில்லை.

அடுத்த தடை லென்ஸ். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்ததால், வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. மற்றவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குதான் அதன் விலை. இலக்கு சிறியதாக இருந்திருந்தால் ஒரு மருத்துவமனை தொழிற்சாலை கட்டியிருக்காது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவருடைய குடும்பத்தை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் தங்கள் பணியை அரவிந்துக்குக் கொண்டுவந்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். குறைந்த ஊதியம், முடிவில்லாத வேலை நேரம். பெரிய இலக்கு வைப்பவர் அதன் சுமையில் பாதியை வீட்டார் தோளில் ஏற்றுகிறார். அவர்கள் மனமொப்பிச் சுமக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். கண்புரை இன்னும் இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாகவே இருக்கிறது. ஆனால், 1992-இலேயே அரவிந்த் தன் முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுத்தர ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கியது. இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாக நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அங்கே வந்து, செலவுக் கணக்கு முதல் மேசை போடும் விதம் வரை கற்றுப்போயிருக்கின்றன. அவற்றில் போட்டியாளர்களும் உண்டு. மதுரையின் முதல் மருத்துவமனை ஆக வேண்டும் என்பது இலக்காக இருந்திருந்தால் அந்தக் கதவைத் திறந்திருக்க முடியாது. பார்வையிழப்பை ஒழிப்பது இலக்கு என்பதால், யார் கையால் புரை நீங்கினாலும் அது அரவிந்தின் கணக்கிலேயே சேர்ந்தது.