கைக்கடிகாரம் சொல்லும் கணக்கு: மலைப்பாதை ஓட்டத்தில் எந்த எண்ணை நம்பலாம்?

சூரியநெல்லி (இடுக்கி): உடலில் அணியும் ஒரு கருவி அனுப்பிய இருப்பிடத் தகவலை நாடே கவனித்த நிகழ்வு, 2023ஆம் ஆண்டு கேரளத்தின் சூரியநெல்லி, சின்னக்கானல் பகுதியில் தொடங்கியது. அந்தக் கருவியை அணிந்திருந்தது மனிதர் அல்ல. அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை. அந்த ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அந்த யானை, கழுத்தில் ரேடியோ காலர் பொருத்தப்பட்டு பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. மே 27ஆம் தேதி அது தமிழகத்தின் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் 5ஆம் தேதி தமிழக வனத்துறையினர் அதை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதியில் விட்டனர்.

யானை எங்கே இருக்கிறது என்பதைக் காலர் தெரிவித்தது. அது அடுத்து எங்கே செல்லும் என்பதைக் காலரால் சொல்ல முடியவில்லை. அடர்ந்த காட்டுக்குள் சமிக்ஞை தடைபட்டதாகவும் அப்போது செய்திகள் வெளியாயின.

காலையில் ஓடச் செல்பவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் ஸ்மார்ட் வாட்ச்சும் இதே செயற்கைக்கோள் தொழில்நுட்பத்தையே சார்ந்துள்ளது. அதன் வலிமையும் வரம்பும் ஏறக்குறைய இவையே. தூரம், வேகம், ஏறிய உயரம், இதயத் துடிப்பு, செலவான கலோரி எனப் பல எண்களை அது ஒரே திரையில் காட்டுகிறது. ஆனால், அந்த எண்கள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல. சில நேரடியாக அளக்கப்பட்டவை. சில கணித்துச் சொல்லப்பட்டவை. இந்த வேறுபாட்டை அறியாமல் பயிற்சி செய்பவர்கள், சமவெளியைவிட மலைப்பகுதியில் எளிதில் தவறான முடிவுக்கு வர வாய்ப்புள்ளது.

கருவிக்குள் இருப்பவை

ஓட்டத்தைப் பதிவு செய்யும் பெரும்பாலான கைக்கடிகாரங்களில் மூன்று முக்கிய உணரிகள் உள்ளன. முதலாவது, செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறும் ஜிபிஎஸ் பகுதி. இரண்டாவது, கையின் அசைவைக் கொண்டு காலடிகளை எண்ணும் முடுக்கமானி. மூன்றாவது, மணிக்கட்டின் தோல் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி இதயத் துடிப்பை அறியும் ஒளி உணரி. விலை உயர்ந்த கருவிகளில் காற்றழுத்தமானியும் இடம்பெறுகிறது.

இவற்றின் வரலாறு நீண்டது அல்ல. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982ஆம் ஆண்டு கம்பியில்லா இதயத் துடிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த நடைமுறையை அமெரிக்க அரசு கைவிட்டது. அதன் பின்னரே கையில் கட்டும் ஜிபிஎஸ் கருவிகள் பயனுள்ளவையாக மாறின. கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ரன்னர் 2003ஆம் ஆண்டிலும், ஸ்ட்ராவா செயலி 2009ஆம் ஆண்டிலும் அறிமுகமாயின.

தூரமும் உயரமும்

ஓடுபவரின் இடத்தைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைப்பதன் மூலம் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. திறந்த வானத்தின் கீழ் ஒரு கைப்பேசி காட்டும் இடம், உண்மையான இடத்திலிருந்து பொதுவாக சுமார் 5 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தகவல் குறிப்பு தெரிவிக்கிறது. கட்டடங்கள், மரங்கள் ஆகியவற்றின் அருகே இந்தத் துல்லியம் குறையும்.

சூரியநெல்லியைச் சுற்றியுள்ள சாலைகளில் இதன் விளைவு இரண்டு விதமாக இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் புள்ளிகளை நேர்கோட்டில் இணைக்கும்போது வளைவு வெட்டப்பட்டு, தூரம் குறைவாகப் பதிவாகும். மரங்கள் அடர்ந்த இடத்தில் புள்ளிகள் அங்குமிங்கும் சிதறும்போது தூரம் கூடுதலாகப் பதிவாகும். ஒரே பாதையில் ஓடிய இருவரின் கடிகாரங்கள் வெவ்வேறு தூரத்தைக் காட்டினால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சரிவின் காரணமாகத் தூரம் பெரிதும் மாறிவிடும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. அது சரியல்ல. 10 சதவீத ஏற்றத்தில் கிடைமட்டமாக 1,000 மீட்டர் கடந்தால், உண்மையில் ஓடிய தூரம் சுமார் 1,005 மீட்டர் மட்டுமே.

உயரக் கணக்கில் கூடுதல் கவனம் தேவை. செயற்கைக்கோள்கள் அனைத்தும் தலைக்கு மேலேயே இருப்பதால், ஜிபிஎஸ் காட்டும் உயரத்தில் பிழை அதிகம். காற்றழுத்தமானி உள்ள கருவிகள் இதில் மேலானவை. ஆனால், அவை வானிலை மாற்றத்தையும் உயர மாற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடும். இந்த மலைகளின் உயரத்தில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினால், கருவி காட்டும் உயரம் சுமார் 10 மீட்டர் வரை மாறும். மழை நெருங்கும் நாளில் அசையாமல் நின்றவரும் மேலேறியதாகப் பதிவாவது இதனால்தான்.

இதயத் துடிப்பு: குளிரும் காலடியும்

இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கு அடியில் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி எண்ணுகிறது.

மலைப்பகுதியின் அதிகாலைக் குளிரில் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையும். அப்போது சமிக்ஞை பலவீனமடைந்து, ஓட்டத்தின் முதல் சில நிமிடங்களில் தவறான எண்கள் வரலாம். மற்றொரு சிக்கல், கடிகாரம் தளர்வாக இருந்தால் ஏற்படுவது. ஓடுபவரின் காலடிகள் நிமிடத்துக்கு 160 முதல் 180 வரை இருக்கும் நிலையில், கருவி அந்த அதிர்வையே இதயத் துடிப்பாக எண்ணிவிடும். மெதுவாக ஓடும்போதே துடிப்பு 170 எனக் காட்டினால், முதலில் வாரை இறுக்கிப் பார்க்க வேண்டும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே பதிவு செய்வதால், ஓட்டத்தின்போது அது கூடுதல் நம்பகமானது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 60 தன்னார்வலர்களைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்து 2017ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. ஆனால், செலவான கலோரியை எந்தக் கருவியும் ஏற்கத்தக்க துல்லியத்துடன் காட்டவில்லை. அவற்றில் மிகச் சிறந்த கருவியின் சராசரிப் பிழையே 27 சதவீதம். மிக மோசமானதன் பிழை 93 சதவீதம். கடிகாரம் காட்டும் கலோரியை நம்பி உணவின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் சரியான வழி அல்ல என்பதை இது உணர்த்துகிறது.

நாளொன்றுக்கு 10,000 அடி என்ற இலக்கும் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அல்ல. 1965ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து அது பரவியது. வயதில் மூத்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2019ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. சுமார் 7,500 அடிக்குப் பிறகு கூடுதல் பலன் தென்படவில்லை.

வேகம் குறைந்தால் திறன் குறைந்ததா?

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற கே.எம். பீனாமோள், பிரீஜா ஸ்ரீதரன் ஆகியோர் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 2010ஆம் ஆண்டு குவாங்சோவில் பிரீஜா 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடிகளில் கடந்தார். அது 400 மீட்டர் தடகளப் பாதையில் 25 சுற்றுகள். அங்கே தூரம் முன்பே அளந்து வைக்கப்பட்டது. நேரத்தை மட்டும் அளந்தால் போதும். ஒருவரின் வேகத்தை மற்றொருவரின் வேகத்தோடு நேர்மையாக ஒப்பிடவும் முடியும்.

மலைப்பாதையில் அத்தகைய ஒப்பீடு பொருந்தாது. ஆல்பெர்டோ மினெட்டி தலைமையிலான குழு 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 10 சதவீத ஏற்றத்தில் ஓடுவதற்குச் சமதளத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஆற்றல் தேவைப்படுகிறது. இதை ஈடுசெய்து, சமதள வேகத்துக்கு இணையான வேகத்தைச் சில செயலிகள் காட்டுகின்றன. அதுவும் ஒரு கணிப்பே.

உயரமும் தன் பங்கைச் சேர்க்கிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. எனவே, சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வந்து இங்கே ஓடுபவருக்கு, அதே வேகத்தில் துடிப்பு கூடும். கருவி அதைக் கண்டு, அவரது ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் குறைந்துவிட்டதாக அறிவிக்கலாம். குறைந்தது அவரது உடற்தகுதி அல்ல. காற்றில் உள்ள ஆக்சிஜன். எண்ணை உயர்த்துவதற்காக முதல் நாளிலேயே வேகத்தைக் கூட்டுவதே இங்கு ஆபத்தானது.

பாதையை யார் பார்க்கிறார்கள்?

ஸ்ட்ராவா நிறுவனம் 2017ஆம் ஆண்டு நவம்பரில் தன் பயனர்கள் சென்ற பாதைகளை உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டது. இராணுவ முகாம்களின் அமைப்பே அதில் தெரிவதை, 2018ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் நேதன் ரூசர் சுட்டிக்காட்டினார். வீரர்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய பாதைகளே அந்த இடங்களைக் காட்டிக்கொடுத்தன.

தனி நபருக்கும் இதே நிலைதான். ஒவ்வொரு நாளும் ஓட்டம் தொடங்கி முடியும் புள்ளி, பெரும்பாலும் அவரது வீடு. புறப்படும் நேரமும் அதில் பதிவாகிறது. குறிப்பாக, தனியே ஓடும் பெண்களுக்கு இது பாதுகாப்பு தொடர்பான விஷயம். தொடக்க, முடிவு இடங்களை மறைக்கும் வசதி ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் உள்ளது. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஆயினும், ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வெளியிடும் தகவலுக்கு அச்சட்டம் பொருந்தாது. எனவே, செயலியின் அமைப்புகளைச் சரிபார்ப்பது பயனரின் பொறுப்பாகிறது.

திரையில் தெரியாத யானை

செயலியில் ஒரு பாதை பலர் ஓடிய பாதையாகத் தெரியலாம். அது பாதுகாப்பான பாதை என்பதற்கு அது சான்று ஆகாது. அரிக்கொம்பன் இடம் மாற்றப்பட்ட பின்னரும் சின்னக்கானல் பகுதி யானைகளின் நடமாட்டம் உள்ள பகுதியே. விடியலுக்கு முன்னும் அந்தி நேரத்திலும் தேயிலைத் தோட்டச் சாலைகளில் தனியே ஓடுவதையும், காதுகளை அடைத்துப் பாட்டுக் கேட்பதையும் தவிர்ப்பது நல்லது.

இடத் தகவல் உயிரைக் காக்கும் வகையில் பயன்படுவதற்கு வால்பாறை எடுத்துக்காட்டாக உள்ளது. அங்கு இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, யானைகள் இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் முறையையும், எச்சரிக்கும் சிவப்பு விளக்குகளையும் நடைமுறைப்படுத்தியது. தோட்டத் தொழிலாளர்கள், ஜீப் ஓட்டுநர்கள், வனக் காவலர்கள் ஆகியோரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டறிவது, எந்தக் கடிகாரமும் தராத தகவலைத் தரும்.

ஜிபிஎஸ் இயங்குவதற்குக் கைப்பேசி இணைப்பு தேவையில்லை. ஆனால், இருக்கும் இடத்தை நேரலையில் வீட்டாருக்கு அனுப்ப இணைப்பு தேவை. மலைச்சரிவுகளில் அது துண்டிக்கப்படலாம். ஆகவே, வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்வதும், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவதும் அவசியம்.

எப்படிப் பயன்படுத்தலாம்?

கருவியின் உண்மையான பயன், ஒரு நாளின் எண்ணில் இல்லை. பல வாரங்களின் போக்கில் உள்ளது. ஒரே பாதை, ஒரே கருவி, ஏறக்குறைய ஒரே நேரம் என வைத்துக்கொண்டால், கருவியின் பிழைகளும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அப்போது மாற்றம் தெளிவாகத் தெரியும். அதே ஏற்றத்தை அதே நேரத்தில், முன்பைவிடக் குறைந்த துடிப்பில் ஏற முடிந்தால், அது முன்னேற்றம். காலையில் எழுந்தவுடன் உள்ள துடிப்பு வழக்கத்தைவிடச் சில நாட்கள் தொடர்ந்து உயர்ந்திருந்தால், உடல் ஓய்வு கேட்கிறது என்று கொள்ளலாம். ஏற்றத்தில் வேகத்தைப் பார்க்காமல், பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்ப்பது எளிய, செலவில்லாத அளவுகோல்.

மார்பு வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் ஆகியவை ஏற்பட்டால், திரையில் உள்ள எண்கள் இயல்பாக இருந்தாலும் ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். அத்தகைய நேரத்தில் கடிகாரத்தின் எண்ணைவிட உடலின் அறிகுறியே முக்கியமானது.