துவைத்து அணியும் தொப்பி

ஆறுமுகநேரியில் ரயிலேறி, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை அறுவை செய்துகொண்டு வந்தவர்கள் நம் பக்கம் உண்டு. அரவிந்தின் அறுவை அரங்குகளில் ஊழியர்களுக்குத் துணித் தொப்பி, துணி அங்கி. துவைத்துத் துவைத்து அணிகிறார்கள். பல மருத்துவமனைகளில் ஒருமுறை போட்டு வீசும் தொப்பியோ பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். மண்ணில் மக்காது.

வீசுகிற தொப்பிதானே சுத்தம் என்று தோன்றும். 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறுவை அரங்கில் மாதிரி அறுவை நடத்திச் சோதித்தார்கள். எலாஸ்டிக் வைத்த உப்பலான அந்தத் தொப்பியில் துளைகள் பெரியவை. புதிதாகத் துவைத்த துணித் தொப்பியைவிட அதிலிருந்துதான் கிருமிகள் கூடுதலாக உதிர்ந்தன. துவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது: வெந்நீர் என்றால் 71 டிகிரி செல்சியஸ், 25 நிமிடம்.

அதே 2017இல், சிட்னியின் மயக்கவியல் மருத்துவர் ராப் ஹாக்கெட் தம் தொப்பியில் பெயரையும் பணியையும் எழுதிக்கொண்டார். முகக்கவசம் போட்டவர் யாரென்று அவசர நேரத்தில் தெரிய வேண்டுமே! துணித் தொப்பியில் அதைத் தைத்தே வைக்கலாம்.

மருத்துவமனை நடத்துவோரே, அடுத்த பெட்டித் தொப்பிக்கு ஆர்டர் கொடுக்குமுன், நம்மூர்த் தையல்காரரிடம் ஒரு வார்த்தை விலை கேட்டுப் பாருங்கள்.