கார் சாவிக்குள் இருக்கும் இன்னொரு சாவி

பழவேற்காடு என்றதும் டச்சுக் கல்லறை, ஜெல்டிரியா கோட்டை என்று மறுபடியும் ஆரம்பிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இந்த முறை அதெல்லாம் இல்லை. இது வண்டிச் சாவியைப் பற்றிய குறிப்பு. அதிலும், கம்பெனி சாவிக்குப் பதிலாக வெளியில் போட்டுக்கொள்ளும் டூப்ளிகேட் சாவியைப் பற்றியது.

சாவிக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம்? சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இறங்கி நடந்தே படகைத் தள்ளலாம், வலை இழுக்கலாம். கரைக்கு வந்த இறாலும் நண்டும் மடவையும் ஐஸ் பெட்டிக்குள் போய், குட்டியானையில் ஏறி, பொன்னேரி வழியாகச் சென்னைப் பக்கம் போகும். காலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரே வண்டியையும் ஓட்டினால் என்ன ஆகும்? அவர் தண்ணீரில் இறங்கும்போது மடியில் சொருகிய சாவியும் இறங்கும்.

அப்படிச் சாவியைத் தொலைத்து, வீட்டில் இருந்த இன்னொரு சாவியைப் பார்த்து டூப்ளிகேட் போட்டுக்கொண்ட ஒரு மீன்வண்டி ஓட்டுநர் என்னிடம் கேட்டார்: "சார், அச்சு அசலா வெட்டியிருக்கான். கதவு தொறக்குது, சாவி திரும்புது. ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகி ஒரே செகண்ட்ல நின்னுடுது. ஏன் சார்?"

நல்ல கேள்வி. பதில் இதுதான்: அவர் கையில் இருந்தது பாதிச் சாவி.

முதல் சாவி: இரும்பு

பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் உள்ள துளை வெவ்வேறு உயரத்தில் இருக்கும். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு வரும், உருளை திரும்பும். ஒரு தகடு துருத்திக்கொண்டு நின்றாலும் திரும்பாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டுத் தகடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆழம் என்றால் 4 × 4 × 4... எட்டு முறை, 65,536 வகை. அவ்வளவுதான்.

சாவி போடுபவரின் மெஷினில் ஒரு பக்கம் பழைய சாவி, மறுபக்கம் வெட்டாத புதுச் சாவி. பழைய சாவியின் மேடு பள்ளத்தை ஒரு முனை தடவிக்கொண்டே போகும். அதே வேகத்தில் மறுபக்கம் வெட்டும் சக்கரம் நகரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்து வருடம் தேய்ந்த சாவியை வைத்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அந்த நகலை வைத்து இன்னொன்று வெட்டினால் இன்னும் கொஞ்சம் பிசகும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதைதான்.

இதற்கு வழி, எண்ணை வைத்து வெட்டுவது. புது வண்டி வாங்கும்போது சாவிக்கொத்தில் ஒரு சின்னத் தகடோ சீட்டோ தொங்கும். அதில் ஒரு எண் இருக்கும். எந்தப் பல் எவ்வளவு ஆழம் என்பது அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அதை வைத்து வெட்டினால், தொழிற்சாலையில் இருந்து முதல் நாள் வந்த சாவி மாதிரியே கிடைக்கும். எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால், அதுதான் மூல நிரல். பலர் அதை முதல் வாரமே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சாவி: எண்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் கதை இரும்போடு முடிந்துவிட்டது. இப்போதைய கார்களின் சாவிப் பிடிக்குள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப் இருக்கிறது. இதற்கு பேட்டரி கிடையாது. சாவி நுழையும் இடத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அது 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சிப் விழித்து, தன் எண்ணைச் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டர் அதைத் தன் பட்டியலில் தேடும். இல்லையென்றால் எரிபொருளை நிறுத்திவிடும். சில வண்டிகள் ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கும், சில வண்டிகள் சுற்றவே சுற்றாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இம்மொபிலைசர்.

ஏரிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை போடும் உரிமை, ஊரின் தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு முறைவைத்து வரும். எவ்வளவு நல்ல வலை வைத்திருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாதவர் அங்கே இறங்க முடியாது. இரும்புச் சாவி என்பது வலை. சிப்பில் இருக்கும் எண் என்பது பட்டியலில் உள்ள பெயர். ஓட்டுநரின் டூப்ளிகேட் சாவிக்கு வலை இருந்தது, பெயர் இல்லை.

இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். 2011 முதல் 2021 வரை அங்கே விற்ற பல கியா, ஹூண்டாய் கார்களில் இம்மொபிலைசர் இல்லை. 2021, 2022இல் பையன்கள் ஸ்டியரிங் கீழே உள்ள மூடியைப் பிரித்து, யூ.எஸ்.பி. வயரின் முனையை வைத்தே திருப்பி, வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து நாடான கனடாவில் 2007 முதலே இம்மொபிலைசர் கட்டாயம். அங்கே இந்த வேலை பலிக்கவில்லை.

நகலா, புதுப் பதிவா?

வெளியில் சிப் சாவி போட இரண்டு வழி. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் காசு கொடுக்கிறார்கள்.

முதலாவது குளோனிங். பழைய சிப்பின் எண்ணை அப்படியே புது சிப்பில் எழுதுவது. பழைய வகைச் சிப்கள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும், நகலெடுப்பது எளிது. பின்னால் வந்தவை, வண்டி கேட்கும் கேள்விக்கு ஒரு ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். அந்த ரகசியமும் நிரந்தரம் இல்லை. 40 பிட் ரகசியம் கொண்ட டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பை 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆர்.எஸ்.ஏ. ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். 48 பிட் கொண்ட ஹைடேக்2 வகை 2012இல் உடைந்தது. 48 பிட் என்றால் சுமார் 281 லட்சம் கோடி சாத்தியங்கள். ஆனாலும் வடிவமைப்பில் இருந்த ஓட்டைகளால் சில நிமிடங்களே போதுமாக இருந்தது. இப்படி உடைபட்ட பல வகைகளைத்தான் கடைக் கருவிகள் இன்று நகலெடுக்கின்றன.

இரண்டாவது வழி, புதுச் சிப்பை வண்டியின் பட்டியலில் தனிப் பெயராகச் சேர்ப்பது. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியை மாட்டிச் செய்வார்கள். பல வண்டிகளில் இதற்கு ஒரு பின் எண் வேண்டும்.

வித்தியாசம் எங்கே தெரியும்? சாவி தொலையும்போது. குளோன் என்றால் இரண்டு சாவிக்கும் ஒரே பெயர். ஒன்று திருடன் கையில் போனால் அதை மட்டும் அடிக்க முடியாது; அடித்தால் உங்கள் சாவியும் போகும். தனிப் பதிவு என்றால் தொலைந்ததை நீக்கலாம். அதற்குப் பொதுவாக, கையில் மிச்சம் உள்ள எல்லாச் சாவியையும் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

கடைசிச் சாவியும் தொலைந்துவிட்டால் கதையே வேறு. நகலெடுக்க மூலம் இல்லை, வெட்ட மாதிரி இல்லை. வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது ஆளை வரவழைக்க வேண்டும். பின் எண்ணைத் தேடியோ, வண்டியின் நினைவகத்தைப் படித்தோ வேலை நடக்கும். அரை நாளும் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம். ஐஸ் பெட்டியில் இருக்கும் இறால் அதுவரை காத்திருக்காது. ஒரு நாள் சரக்கு முழுக்கப் போகும்.

உப்புத் தண்ணீரும் ரிமோட்டும்

சாவி தண்ணீரில் விழுந்து கிடைத்துவிட்டால்? சிப் பெரும்பாலும் பிழைக்கும். அது மூடி ஒட்டப்பட்டது, பேட்டரியும் இல்லை. சாவது ரிமோட். பட்டன் பேட்டரியின் மின்சாரமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் பலகையில் உள்ள செம்பு மணிக்கணக்கில் அரித்துவிடும். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் பலகையை அலசுங்கள். ஆமாம், மறுபடியும் தண்ணீர்தான். உப்பு போக வேறு வழியில்லை. நன்றாகக் காயவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். அரிசிப் பானைக்குள் வைத்தால் உப்பு போகாது.

இதிலிருந்து ஒரு நல்ல யோசனை கிடைக்கிறது. தண்ணீரில் இறங்குபவர்களுக்கு ரிமோட் தேவையே இல்லை. இரும்பும் சிப்பும் மட்டும் உள்ள, பட்டன் இல்லாத சாவி வெளியில் கிடைக்கும். ரிமோட் சாவியைவிட மலிவு, நனைந்தாலும் கவலை இல்லை. கம்பெனி சாவி வீட்டில் இருக்கட்டும், இது மடியில் இருக்கட்டும். அதோடு சிப் இல்லாத வெறும் இரும்புச் சாவி ஒன்று வெட்டி, வண்டிக்கு வெளியே எங்காவது வையுங்கள். வண்டி ஓடாது, ஆனால் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் கதவைத் திறக்கும். பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளுக்கு மட்டும் இந்த மலிவு வழி பொருந்தாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

உங்கள் வண்டியில் இம்மொபிலைசர் உண்டா என்று பாருங்கள். சாவியைத் திருப்பும்போது டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு எரிந்து அணையும்.

ஆன்லைனில் ரிமோட் வாங்கினால் அலைவரிசையைப் பாருங்கள். நம் ஊர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க, ஜப்பானிய ரிமோட்டுகள் பல 315. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலை செய்யாது.

போடுபவரிடம் நேராகக் கேளுங்கள்: "குளோனா, தனியா பதியுறீங்களா?" வண்டியில் ஸ்டார்ட் செய்து காட்டிய பிறகே காசு கொடுங்கள்.

ஆர்.சி. புத்தகம் கேட்கிறாரே என்று கோபப்படாதீர்கள். கேட்காதவரிடம்தான் யோசிக்க வேண்டும். உங்கள் வண்டியோடு வேறு யாராவது வந்தாலும் அவர் கேட்க மாட்டார்.

கம்பெனி சாவி தொலைந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, புதுச் சாவியின் பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். நாளை வண்டி திருடு போனால் முதலில் "இரண்டு சாவியும் எங்கே?" என்றுதான் கேட்பார்கள்.

ஓட்டுநரின் வண்டிக்கு வருவோம். வீட்டில் இருந்த சாவி வேலை செய்ததால் அவர் வெட்டிய சாவி வீணாகவில்லை. அதற்கு ஏற்ற சிப் ஒன்றைப் பதிந்து பிடிக்குள் வைத்தால் போதும். இருக்கிற ஒரு சாவியும் ஏரிக்குள் போவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.