பத்தாவது நிமிடத்தில் படையெடுப்பு: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் முதல் தாக்குதல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் ஒரு மாதம் சீட்டுக்கட்டு, கார் ரேஸ் என்று ஓடும். அடுத்து யாராவது ஒருவர் "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவார். போட்டுப் பார்த்தவர்களில் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான். "நான் அழகாக ஊர் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று எதிரி வந்து எல்லாவற்றையும் கொளுத்திவிட்டான்." அப்படி வந்தவன் என்ன கணக்கோடு வந்தான், அதே கணக்கை நீங்கள் அவன் மீது எப்படிப் போடலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இது ரியல் டைம் ஸ்ட்ராடஜி வகை கேம். செஸ் போல உன் முறை, என் முறை என்று காத்திருக்க முடியாது. நீங்கள் யோசிக்கும் நேரத்திலும் எதிரி மரம் வெட்டிக்கொண்டிருப்பான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 முதலில் 1999-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, உருவாக்கியது என்செம்பிள் ஸ்டூடியோஸ். அதையே புதுப்பித்து 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று வெளியிட்டார்கள். 2022 ஏப்ரலில் வந்த 'டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று மூன்று அணிகள் சேர்ந்தன. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடும் கதைத் தொடரும் அதில் உண்டு. திராவிடர் அணியில் ஓர் ஆளை கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்வான். பலர் இந்த அணியை வாங்குவதே அதற்காகத்தான்! நாமும் இதையே வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். கேம் வாங்கும் முன் அது கேட்கும் ரேம், ஹார்ட் டிஸ்க் இடம், கிராபிக்ஸ் ஆகியவற்றை ஸ்டீம் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் என்றால் 'என்ஹான்ஸ்டு கிராபிக்ஸ்' என்று தனியாகக் கொடுத்திருக்கும் இலவசத் தொகுப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அது இல்லாமலே கேம் நன்றாக ஓடும். சண்டை நேரத்தில் ஸ்கிரீன் திக்கித் திணறினால் எந்தத் திட்டமும் பலிக்காது.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

வழக்கமான ஆட்டத்தில் உங்களுக்கு ஒரு டவுன் சென்டர், 3 வில்லேஜர்கள், குதிரையில் ஓர் ஒற்றன் கிடைப்பார்கள். கையிருப்பு 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். இந்த 25 விநாடியை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். கேம் முழுவதும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஃப்யூடல் ஏஜ் என்ற இரண்டாம் காலத்துக்குப் போனால்தான் உருப்படியான படை கிடைக்கும். அதற்கு 500 உணவு வேண்டும். போய்ச்சேர 130 விநாடி ஆகும். மொத்தம் 21 பேர் ஆனதும் ஃப்யூடல் பொத்தானை அழுத்துவது என்று வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் ஒற்றனோடு சேர்த்து 4 பேர் இருக்கிறார்கள். இன்னும் 17 பேர் வேண்டும். 17 முறை 25 விநாடி என்றால் 425 விநாடி. நடுவில் லூம் என்ற மேம்பாட்டுக்கு 25 விநாடி. ஆக 450 விநாடி, அதாவது ஏழரை நிமிடம். அதோடு 130 விநாடியைக் கூட்டினால் 9 நிமிடம் 40 விநாடி. கேம் கடிகாரத்தில் பத்தாவது நிமிடம் முடிவதற்குள் நீங்கள் ஃப்யூடல் ஏஜில் இருக்க வேண்டும்.

புதியவர்களுக்கு இது பெரும்பாலும் 14, 15 நிமிடம் ஆகிறது. காரணம் கை வேகம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் டவுன் சென்டர் சும்மா இருப்பதுதான் காரணம். உணவு தீர்ந்துவிட்டது, வீடு கட்ட மறந்துவிட்டோம், ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டிருந்தோம் என்று இரண்டு நிமிடம் போனால் கிட்டத்தட்ட 5 வில்லேஜர்கள் குறைவு. எச் கீயை அழுத்தினால் டவுன் சென்டர் தேர்வாகும். உடனே க்யூ கீயை அழுத்தினால் ஒரு வில்லேஜர் வரிசையில் சேர்ந்துவிடுவார். மவுஸைத் தேடவே வேண்டாம். வேலையில்லாமல் நிற்கும் ஆளைக் கண்டுபிடிக்க முற்றுப்புள்ளி கீ. மூன்று நாள் இந்த மூன்று கீகளை மட்டும் பழகுங்கள் என்பேன்.

யாரை எங்கே அனுப்புவது?

முதல் 6 பேர் ஆடு அறுக்கட்டும். ஆரம்பத்திலேயே இரண்டு வீடுகள் எழும்ப வேண்டும். ஒரு வீட்டுக்கு 25 மரம், 5 பேருக்கு இடம். அடுத்த 4 பேர் மரம் வெட்டப் போகட்டும். அதற்கடுத்தவர் காட்டுப்பன்றியை இழுத்து வருவார். ஒரு பன்றியில் 340 உணவு இருக்கிறது, ஓர் ஆட்டில் 100தான். ஆனால் பன்றி திருப்பித் தாக்கும். ஓர் அடி அடித்துவிட்டு நேராக டவுன் சென்டருக்கு ஓடி வாருங்கள். அங்கே ஆடு அறுப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அதை முடிப்பார்கள். தனியாக நின்று வீரம் காட்டினால் வில்லேஜர் போய்விடுவார்.

பிறகு 4 பேர் பழப் புதர்களுக்கு, அங்கே ஒரு மில். மற்றவர்களில் பெரும்பாலோர் மரத்துக்கு, இரண்டு பேர் மட்டும் தங்கத்துக்கு. 175 மரம் சேர்ந்ததும் பாரக்ஸ் எனும் படைவீடு. ஃப்யூடல் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் அந்த 130 விநாடியில் பாரக்ஸில் மூன்று மிலிஷியா வீரர்கள் தயாராகிவிடலாம். ஃப்யூடல் வந்த மறு விநாடி அவர்களை மேன் அட் ஆர்ம்ஸ் ஆக உயர்த்துங்கள். இங்கேதான் திராவிடர் அணிக்கு லாபம். பாரக்ஸில் செய்யும் மேம்பாடுகள் எல்லாம் இவர்களுக்குப் பாதி விலை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு காலம் மாறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கிறது. வில்வீரர் கூடம் கட்ட ஆகும் மரம் 175. அதாவது, தாக்குதலின் இரண்டாம் கட்டத்துக்குக் கேமே முன்பணம் கொடுத்துவிடுகிறது. (அப்டேட் வரும்போது இதுபோன்ற எண்களைச் சற்று மாற்றுவது வழக்கம். ஸ்கிரீனில் காட்டும் விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

குதிரைப் படையோடு முதல் தாக்குதல் செய்பவர்கள் நிறையப் பேர். திராவிடர்களை வைத்து அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் நைட் என்ற பெரிய குதிரை வீரன் இந்த அணிக்குக் கிடையாது. குதிரையில் போட்ட பணம் வழியிலேயே நின்றுவிடும்.

மூன்று பேர் போய் என்ன செய்ய முடியும்?

டவுன் சென்டரை உடைக்க முடியாது. ஆட்டத்தை அங்கேயே முடிக்கவும் முடியாது. புதியவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். மூன்று பேரும் போய் எதிரியின் டவுன் சென்டர் வாசலில் நிற்பார்கள். உள்ளே புகுந்துகொண்ட வில்லேஜர்கள் அம்பு விட்டு மூவரையும் தீர்த்துவிடுவார்கள். குறி அதுவல்ல. டவுன் சென்டருக்கு எட்டாத தூரத்தில் மரம் வெட்டுகிறவர்கள், தங்கம் வெட்டுகிறவர்கள், பழம் பறிக்கிறவர்கள்தான் குறி.

இதை விளக்கக் கற்பனைக் கதை தேவையில்லை. கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு என்று காவிரிப் பாசன ஊர்கள் சூழ்ந்த காரைக்காலே போதும். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த இந்தத் துறைமுகம், புதுச்சேரிக்கு நெல் அனுப்பும் களஞ்சியமாக இருந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், நேராகப் போய்ப் புதுச்சேரிக் கோட்டையில் மோதவில்லை. முதலில் சுற்றியிருந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. பிப்ரவரியில் ஆற்காடு. ஏப்ரலில் கப்பல்களும் தரைப்படையும் சேர்ந்து காரைக்காலைப் பிடித்தன. டெல்டா நெல் அத்தோடு நின்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தபோது அதை வீழ்த்தியது பீரங்கியைவிடப் பட்டினிதான். கேமில் உங்கள் மூன்று வீரர்கள் செய்ய வேண்டியதும் இதே வேலை: கோட்டையை விட்டுவிட்டுக் களஞ்சியத்துக்குப் போக வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். ஒரு வில்லேஜர் நிமிடத்துக்குச் சுமார் 20 அலகு உணவு சேர்ப்பார். உங்கள் வீரர்களைப் பார்த்து 10 வில்லேஜர்கள் அரை நிமிடம் வேலையை விட்டு ஓடினால் எதிரிக்குச் சுமார் 100 அலகு நஷ்டம். ஒருவரைக்கூட நீங்கள் கொல்லவில்லை. ஆனாலும் இரண்டு வில்லேஜர்களின் விலை போய்விட்டது. எதிரி பதறிப்போய் மணியடித்து எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஊர் முழுக்க வேலை நிறுத்தம்!

எங்கே போவது என்பதை ஒற்றன் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். ஆடுகளைக் கண்டுபிடித்ததும் அவனை மறந்துவிடுவது பலரின் பழக்கம். ஐந்தாவது நிமிடம் வாக்கில் அவன் எதிரி ஊரைச் சுற்றி வரட்டும். மரம் வெட்டுமிடம் எந்தப் பக்கம், வேலி போட்டிருக்கிறானா, தங்கம் டவுன் சென்டருக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மூன்றையும் பார்த்தால் போதும்.

எதிரி லூம் செய்துவிட்டானா என்பதும் முக்கியம். லூம் இல்லாத வில்லேஜருக்கு உயிர் 25. மிலிஷியாவின் அடி 4. ஏழு அடியில் முடிந்துவிடுவார். லூம் செய்துவிட்டால் உயிர் 40, கூடவே கவசம் 1. அதே மிலிஷியாவுக்கு 14 அடி தேவை. மேன் அட் ஆர்ம்ஸ் ஆக உயர்த்தினால் அடி 6 ஆகிறது. லூம் போட்டவரும் 8 அடியில் விழுவார். மேம்பாட்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று இப்போது புரியும். இதே கணக்கு உங்கள் பக்கமும் உண்டு. 50 தங்கம் செலவாகிறதே என்று லூமைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீரர்களை அனுப்பிவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பது அடுத்த ஆபத்து. கண் எதிரி ஊரில், டவுன் சென்டரோ சும்மா. எதிரிக்கு இரண்டு வில்லேஜர் நஷ்டம், உங்களுக்கு நான்கு என்றால் யாருக்கு லாபம்? மூன்று வீரர்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் கீயோடு 1-ஐ அழுத்தி ஒரு குழுவாக்குங்கள். அப்புறம் 1 அழுத்தினால் படை, எச் அழுத்தினால் ஊர். பத்து விநாடி அங்கே, பத்து விநாடி இங்கே.

எதிரி வில்வீரர்களை இறக்கியதும் மேன் அட் ஆர்ம்ஸின் காலம் முடிந்தது. ஓடிப் பிடிக்க முடியாது; தூரத்திலிருந்தே அடிபட்டுச் சாவார்கள். அவர்களைப் பின்வாங்குங்கள். 200 மரத்தில் கட்டிய வில்வீரர் கூடத்திலிருந்து ஸ்கர்மிஷர் எனும் ஈட்டி எறிபவர்கள் வரட்டும். ஒருவருக்கு 25 உணவு, 35 மரம், தங்கம் வேண்டாம். வில்வீரர்களுக்கு எமன் இவர்கள். மற்ற அணிகளைவிடத் திராவிட ஸ்கர்மிஷர் 25 சதவீதம் வேகமாக எறிவார். இந்த இடத்தில் நான்கைந்து பேர் போதும். அதற்கு மேல் போனால் காஸில் ஏஜுக்கு வேண்டிய 800 உணவும் 200 தங்கமும் சேராது. மூன்றாம் காலத்துக்கு எதிரி முந்திவிடுவான்.

மேப் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் திட்டம் அரேபியா போன்ற திறந்தவெளி மேப்புக்கு. பிளாக் ஃபாரஸ்ட் மேப்பில் காடே மதிலாக நிற்கும். ஐலண்ட்ஸ் மேப்பில் நடுவில் கடல். அங்கே மூன்று வீரர்களோடு கிளம்பினால் கரையில் நின்று காற்று வாங்க வேண்டியதுதான்.

முதலில் 'ஆர்ட் ஆஃப் வார்' பகுதியில் எர்லி எக்கானமி பயிற்சியை ஆடுங்கள். நேரத்தைப் பொறுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் தருவார்கள். வெள்ளி வாங்கும் வரை படையெடுப்பை நினைக்க வேண்டாம். அதன்பின் அரேபியா மேப்பில் கம்ப்யூட்டரை ஸ்டாண்டர்டு நிலையில் வைத்து மோதுங்கள், பிறகு மாடரேட், பிறகு ஹார்டு. ஆட்டம் முடிந்ததும் பதிவான ரெக்கார்டைத் திறந்து, உங்கள் டவுன் சென்டர் சும்மா இருந்த நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்துக் கூட்டுங்கள். அதை 25-ஆல் வகுத்தால் வருவது, அன்று உங்கள் ஊரில் பிறக்காமல் போன வில்லேஜர்களின் எண்ணிக்கை.