பூனை நீரிழிவுக் கீட்டோன் அமிலத்துவம்

பூனை நீரிழிவுக் கீட்டோன் அமிலத்துவம் என்பது நீரிழிவு நோயுற்ற பூனையின் குருதியில் சர்க்கரையும் கீட்டோன்களும் மிகுந்து, குருதியின் அமிலத்தன்மை கூடும் ஆபத்தான நிலை ஆகும். இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பைச் சிதைக்கிறது. அதிலிருந்து கல்லீரல் கீட்டோன்களை உருவாக்குகிறது.

சர்க்கரை அளவை மட்டும் கொண்டு இந்நிலையை அறிய இயலாது. அச்சமுற்ற பூனைக்கு நோயின்றியும் சர்க்கரை தற்காலிகமாக உயரும். சிறுநீரில் கீட்டோன் தென்படுவதுடன் பூனை உண்ண மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ அது அவசர நிலை. சிறுநீர்ச் சோதனைப் பட்டை அசிட்டோஅசிட்டேட்டையே காட்டும்; பெருமளவில் உருவாகும் பீட்டா-ஐதராக்சிபியூட்டிரேட்டைக் காட்டாது. எனவே பட்டையின் நிறம் மாறவில்லை என்பதால் ஆபத்தில்லை எனக் கொள்ளலாகாது.

வீட்டிலேயே இன்சுலினைக் கூட்டுவது தீர்வன்று. மருத்துவமனையில் முதலில் சிரைவழி நீர்மமும் பின்னர் இன்சுலினும் தரப்படும். இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் செலுத்துவதால் குருதியில் அது குறைகிறது. அக்குறையையும் ஈடுசெய்ய வேண்டும். சர்க்கரை இறங்கிய பின்னரும், கீட்டோன் நீங்கும்வரை குளுக்கோசு சேர்த்து இன்சுலின் தொடரப்படும்.

நாயினத்தால் பெயர்பெற்ற இராஜபாளையத்திலிருந்து பூனையைத் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், புறப்படுமுன் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டி நீர்மம் ஏற்றுவது நல்லது.

இந்தியாவில் இன்சுலின் மில்லிலீட்டருக்கு 40 அலகு, 100 அலகு ஆகிய செறிவுகளிலும் கிடைக்கிறது. 100 அலகு மருந்தை 40 அலகு ஊசிக்குழலில் அளந்தால் இரண்டரை மடங்கு உட்செல்லும். பூனைக்கு அது உயிர்க்கேடாகலாம்.