காய்ந்த புறா எச்சத்தைக் கூட்டச் சொன்னால்

ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி போதும், புறா கூடு கட்டிவிடும். விளக்குமாற்றுக் குச்சி, அறுந்த ஒயர், கட்டுக்கம்பி எதுவும் அதற்கு ஆகும். இரண்டு முட்டை, 18 நாள் அடைகாப்பு, வருடத்துக்குப் பல ஈடு. கீழே எச்சம் விரல் கனத்துக்குப் பொருக்குத் தட்டிவிடும். நாற்றம் தாங்காமல் மேல்மாடியிலிருந்து புகார் வந்ததும் ஹவுஸ்கீப்பிங் அம்மாவிடம் துடைப்பத்தைக் கொடுத்து, “கொஞ்சம் கூட்டித் தள்ளிடுங்கம்மா” என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

காய்ந்த எச்சத்தைக் கூட்டினால் பொடிந்து காற்றில் எழும்பும். அதில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இருக்கலாம். திடகாத்திரமானவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோருக்கு அது மூளைக்காய்ச்சல் வரை போகலாம். சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நிமோனியாவும் இந்தத் தூசியால் வரலாம்.

நான் அதிகம் அஞ்சுவது கிருமியே தேவைப்படாத இன்னொரு நோய்க்கு. பறவைப் புரதம் கலந்த தூசியைத் திரும்பத் திரும்பச் சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலே ஒவ்வாமையால் வீங்குகிறது. மருத்துவர்கள் இதை ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்பார்கள். தூசி பட்ட சில மணி நேரத்தில் வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு. விடுமுறையில் குறையும், வேலைக்கு வந்தால் திரும்பும். சளி என்று விட்டுவிட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடலாம். அந்தத் தழும்பு ஆறாது. இந்தியாவின் 19 நகரங்களில் நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது இந்த நோய்தான். ஏர்கூலர், பூஞ்சை, ஏசி ஆகியவற்றோடு பறவைகளும் காரணப் பட்டியலில் இருந்தன.

சுத்தம் செய்யும் முறை கடினமானதல்ல. முதலில் அந்தப் பக்கத்து ஏசியையும் காற்று உள்ளே வரும் டக்டையும் நிறுத்த வேண்டும். சோப்பு கலந்த நீரை மெதுவாகத் தெளித்து, எச்சம் அடிவரை ஊறும்படி விட வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் அதுவும் தூசியைக் கிளப்பும். ஊறியதைச் சுரண்டி, இரட்டைப் பையில் கட்டி அகற்றலாம். சர்ஜிக்கல் மாஸ்க் இதற்குப் போதாது; முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95, கண்ணாடி, கையுறை வேண்டும். டக்டுக்குள் மூட்டை கணக்கில் சேர்ந்திருந்தால் பயிற்சி பெற்ற ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களை அந்தப் பக்கமே விடக்கூடாது.

புறாவை ஒழிக்க விஷம் வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சு பறந்து போனபின் கூட்டை எடுத்துவிட்டு, இடைவெளியை அடைத்து, தளர்வில்லாமல் வலை கட்டினாலே புறா வேறு இடம் பார்க்கும். யாரோ ஜன்னலில் தினமும் அரிசி இறைத்துக்கொண்டிருந்தால் வலைக்குச் செலவழித்தும் பயனில்லை.

இதற்கெல்லாம் செலவு செய்ய வேண்டியவர் முதலாளி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, ஆபத்தில்லாத பணியிடத்தைத் தருவது அவர் கடமை என்கிறது. பணியிடத்தில் இருக்கும் மற்றவர்களின் பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு. ஆகவே, “அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க” என்று தட்டிக்கழிக்க முடியாது. பாதுகாப்பு பற்றிய விவரம் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உடனடி ஆபத்து என்று பட்டால் நிர்வாகத்துக்குச் சொல்லலாம், ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். வாய்மொழியாகச் சொன்னது நிற்காது. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, எச்சம் கிடக்கும் இடத்தின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும், கடை, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறையையும் அணுகலாம்.

இருமல் விடாமல் இருந்தால் மருத்துவரிடம், “வேலை செய்யும் இடத்தில் புறா எச்சம் கூட்டுகிறேன்” என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம். அதைச் சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். உயிர்ப்பொருள் தூசியால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி, இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இஎஸ்ஐயிலோ தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரியிடமோ கோரிக்கை வைக்கும்போது அந்த ஒரு வரி பெரிய சான்றாக இருக்கும்.